ஓபிஜி எடுத்தாச்சு, 3டி ஸ்கேன் எதற்கு?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 61 வயது, ஏற்காட்டுக்கு மேலே நாகலூரில் இருக்கிறார். கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்து நான்கு வருடமாகிறது. சேலத்தில் ஒரு டாக்டர் ஓபிஜியை, அதாவது தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, 3டி ஸ்கேன் எடுத்து வந்தால்தான் இம்ப்ளாண்ட் (எலும்புக்குள் திருகு இறக்கி அதன்மேல் பல் பொருத்துவது) பற்றிப் பேச முடியும் என்கிறார். இன்னொரு டாக்டர் அதே ஓபிஜியைப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, ஸ்கேன் வேண்டாம், அடுத்த வாரமே வைத்துவிடலாம் என்கிறார். ஸ்கேன் தேவைதானா, கதிர்வீச்சு கெடுதலா, இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் கடைசி வரியில், அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கட்டாயம் வருகிறேன். ஸ்கேனைவிட அது பெரிய விஷயமாக இருக்கலாம்.

கேள்வி ஸ்கேனைப் பற்றியதாக இருந்தாலும், யாரை நம்பி அம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பல் மருத்துவம் முடித்துவிட்டு வாய் மருத்துவமும் ரேடியாலஜியும் மேற்படிப்பாகப் படித்தவள். இம்ப்ளாண்ட் வைப்பது என் வேலை இல்லை. சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் ஸ்கேன்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் 14 வருடமாக என் தொழில். ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொன்னால் அதில் என் பிழைப்பும் இருக்கிறது. அதனால் எங்கே அது தேவைப்படாது, எங்கே அது உதவாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அம்மாவின் வாயை நான் பார்க்கவில்லை, ஓபிஜியையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

என் பதில், அம்மாவின் விஷயத்தில் ஸ்கேன் எடுப்பதுதான் நல்லது. மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கீழ்த்தாடை, கடைவாய்ப் பகுதி, பல் போய் நான்கு வருடம்.

ஒரு மதில் சுவரை எதிரே நின்று பார்த்தால் நீளம் தெரியும், உயரம் தெரியும். கனம் தெரியாது. ஓபிஜி அப்படித்தான். குதிரை லாடம் போல வளைந்த தாடையைப் பாய் மாதிரி விரித்துக் காட்டுகிறது. பக்கத்துப் பல் எப்படி இருக்கிறது, உள்ளே வேர்த்துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா, நரம்பு ஏறத்தாழ எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதையெல்லாம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். முதல் படமாக அதை எடுத்தது மிகச் சரி. ஆனால் இம்ப்ளாண்ட் என்பது எலும்புக்குள் இறக்கும் ஒரு திருகு. கடைவாய்ப் பகுதியில் அது பொதுவாக 4 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் குறைந்தது 1 மி.மீ. எலும்பாவது மிஞ்ச வேண்டும், இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது. அந்த அகலம் இருக்கிறதா என்று ஓபிஜியால் சொல்லவே முடியாது. படம் மங்கலாக இருப்பதால் வரும் குறை இல்லை இது, அந்தத் திசையிலிருந்து அது எடுக்கப்படவே இல்லை.

பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையும் என்பதில் சந்தேகமே கிடையாது. கடைவாய்ப் பக்கம் பல் எடுத்த ஒரு வருடத்துக்குள், பல் நின்ற எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. கரைவது பெரும்பாலும் கன்னத்துப் பக்கத்தில். உயரம் அவ்வளவாகக் குறையாமல் அகலம் மட்டும் கத்தி முனை போல மெலிந்துபோன தாடைகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். ஓபிஜியில் அவை எல்லாமே "எலும்பு நன்றாக இருக்கிறது" என்றுதான் தெரிந்திருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலும் ஏமாறலாம், மேலே ஈறு தடித்திருந்தால் மேடு அகலமாகவே தோன்றும்.

இரண்டாவது, நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. காதுக்குக் கீழே தாடையின் உள்பக்கம் நுழையும் நரம்பு, கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அடியில் வந்து, முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகே ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி அதன் வழியாகத்தான். இதில் ட்ரில் பட்டாலோ, திருகு அழுத்தினாலோ உதட்டின் பாதி மரத்துப்போகும். வாய் கோணாது, பேச்சு பெரிதாகக் கெடாது, அதனால் வெளியில் யாருக்கும் தெரியாது. காபி குடிக்கும்போது ஒரு சொட்டு முகவாயில் வழிவது அவருக்கே தெரியாது. சிலருக்குச் சில மாதத்தில் சரியாகும், சிலருக்கு ஆகாது. அதனால்தான் திருகின் நுனிக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுவது என்ற வழக்கம்.

அந்த 2 மி.மீ.யை ஓபிஜியில் எப்படி அளப்பது? ஓபிஜி பொருளைப் பெரிதாக்கிக் காட்டும். எவ்வளவு பெரிதாக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும், தலை நின்ற நிலையைப் பொறுத்தும் மாறும். 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படத்தில் 15 மி.மீ. என்று தெரியும் எலும்பு உண்மையில் 12. இடைவெளி போக 10 மி.மீ. திருகுதான் வைக்கலாம். கவனமான டாக்டர்கள் 5 மி.மீ. எஃகு உருண்டை ஒன்றை மெழுகில் பதித்து வாயில் வைத்து ஓபிஜி எடுப்பார்கள். உருண்டை படத்தில் எத்தனை மி.மீ. காட்டுகிறதோ அதை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். பல வருடம் அப்படி வைத்த இம்ப்ளாண்ட்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. ஆகவே ஸ்கேன் வேண்டாம் என்ற டாக்டரைத் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். உயரத்தை அவர் சரியாகவே கணித்திருக்கலாம். ஆனால் அகலத்தையும், அடுத்து நான் சொல்லப்போவதையும் எதை வைத்துக் கணித்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது நாக்குப் பக்கம். கீழ்த்தாடையின் பின்பகுதியில், உள்பக்கம் எச்சில் சுரப்பி ஒன்று உட்கார்ந்திருப்பதற்கு ஏற்ப எலும்பு குழிந்திருக்கும். சிலருக்கு லேசாக, சிலருக்கு உள்ளே ஆழமாக வெட்டி வாங்கியபடி. மேலிருந்து நேராக இறக்கும் ட்ரில், குழிவு ஆழமாக இருந்தால், எலும்பைத் துளைத்துக்கொண்டு நாக்குக்கு அடியில் போய்விடும். அங்கே இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வாயின் தரைப்பகுதியில் இரத்தம் கசிந்து நாக்கை மேலே தூக்கி மூச்சுக்கே இடைஞ்சல் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பல முன்பக்கத் தாடையில் நடந்தவை, மொத்தத்தில் அபூர்வமும்கூட. பயமுறுத்த இதை எழுதவில்லை. எக்ஸ்ரேயில் கண்ணுக்கே தெரியாத ஒரு வளைவு இருக்கிறது, குறுக்கு வெட்டுப் படத்தில் அது பளிச்சென்று தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்தக் குறுக்கு வெட்டைத் தருவதுதான் நீங்கள் கேட்கும் 3டி ஸ்கேன். சிபிசிடி என்பார்கள். ஆஸ்பத்திரியில் தலைக்கு எடுக்கும் சிடி ஸ்கேனின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த சிடி 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. பல்லுக்கான இந்த வகை 1990-களின் கடைசியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் வந்தது. கூம்பு வடிவில் விரியும் எக்ஸ்ரே, தலையை ஒரே ஒரு சுற்று வலம் வரும். அந்தச் சுற்றுக்குள் சில நூறு படங்கள் பதிவாகும். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்துத் தாடையைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகக் கட்டிவிடும், ஒவ்வொன்றும் பொதுவாக 0.1 முதல் 0.4 மி.மீ. அதன்பிறகு எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம்.

இங்கேதான் நான் நிறுத்திப் பேச வேண்டும். எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெட்டலாம் என்றால், தப்பான திசையிலும் வெட்டலாம். வாழைக்காயைச் சாய்த்து வெட்டினால் வில்லை நீளமாக வரும், காய் தடித்ததாக அர்த்தமில்லை. பல வருடத்துக்கு முன் எனக்கே இது நடந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவரின் கீழ்த்தாடை ஸ்கேன். அன்றைக்கு நிறைய வேலை. தாடையின் அச்சை நேராக்காமல், கருவி தானாக வெட்டித் தந்த படத்திலேயே அளந்து, நரம்புக்கு மேல் 14 மி.மீ. என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் 12 மி.மீ. திருகு என்று திட்டமிட்டார். நல்லவேளை, அவர் பழைய பழக்கப்படி முதல் ட்ரில் போட்டதும் அந்தத் துளைக்குள் உலோகப் பின் ஒன்றை வைத்துச் சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நுனி, எதிர்பார்த்ததைவிட நரம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்தே போன் செய்தார். ஃபைலைத் திறந்து அச்சை நேராக்கிப் பார்த்தேன், ஏறக்குறைய 13தான். சின்னத் திருகு வைத்தார்கள், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த 1 மி.மீ. எனக்கு இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அச்சை நேராக்காமல் ஒரு அளவுகூட எழுதுவதில்லை. அளவு எடுத்த வெட்டையும் ரிப்போர்ட்டில் சேர்த்தே அனுப்புகிறேன், வாங்குபவர் சரிபார்க்கட்டும் என்று.

ஆகவே ஸ்கேன் எடுத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எந்தக் கேள்வியோடு அது எடுக்கப்படுகிறது, யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல இம்ப்ளாண்ட் திட்டம் எலும்பிலிருந்து தொடங்குவதில்லை, பல்லிலிருந்து தொடங்கும். அம்மா மெல்லும்போது மேல்பல் எங்கே வந்து இறங்குகிறது, புதுப்பல் எந்த இடத்தில் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்தப் பல்லுக்கு நேர் கீழே எலும்பு என்ன நிலைமையில் இருக்கிறது என்று ஸ்கேனிடம் கேட்க வேண்டும். இதற்காகச் சில டாக்டர்கள் வாய்க்கு அளவெடுத்து, கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு ஒன்றைச் செய்து, பல் வர வேண்டிய இடத்தில் கட்டா பெர்ச்சா துண்டைப் பதித்துக் கொடுத்து அனுப்புவார்கள். வேர் சிகிச்சையில் வேரை அடைக்கப் பயன்படுமே, அதே பொருள்தான். ஸ்கேனில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு இருந்தால், டாக்டர் கேட்கும் இடம் இதுதான் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். இப்போது வாய்க்குள் கேமரா விட்டு ஸ்கேன் செய்து, அதை சிபிசிடியோடு கம்ப்யூட்டரிலேயே பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியானாலும் சரி. வெறும் துண்டுச்சீட்டில் "இம்ப்ளாண்ட், கீழ் வலது" என்று மட்டும் எழுதி அனுப்பினால், நான் எலும்பு எங்கே நிறைய இருக்கிறதோ அதைச் சொல்வேன். பல் அங்கே வர வேண்டுமா என்பது எனக்குத் தெரியாது.

எடுக்கும் நாளைப் பற்றியும் சொல்கிறேன், அம்மாவுக்கு உதவும். சாப்பிட்டுவிட்டே வரலாம். ஊசி கிடையாது, படுக்க வேண்டாம், குகை மாதிரியான எந்திரத்துக்குள் போக வேண்டாம். நின்றோ உட்கார்ந்தோ முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொள்ள வேண்டும், கருவி சுற்றி வரும். பொதுவாக 10 முதல் 20 விநாடி, சில கருவிகளில் கொஞ்சம் கூட ஆகும். தோடு, சங்கிலி, கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் அதையும் கழற்றச் சொல்வார்கள். மூக்குத்தியைக் கல்யாணத்திலிருந்து கழற்றியதே இல்லை என்று சில அம்மாக்கள் கலங்கிவிடுவார்கள். கீழ்த்தாடைக்கு மட்டும் சின்ன வட்டத்தில் எடுத்தால் மூக்குத்தி பெரும்பாலும் படத்துக்குள் வராது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமானது அசையாமல் இருப்பது, எச்சிலை விழுங்காமல் இருப்பது. ஒரு விழுங்கலில் தாடை மேலும் கீழும் போய் வந்துவிடும், நரம்புக் குழாயின் ஓரம் இரட்டைக் கோடாகிவிடும். என் மையத்தில், சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒரு தடவை சும்மா சுற்றவிட்டுக் காட்டுவோம். வயதானவர்கள் கருவி காதருகே வரும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், சும்மா சுற்றும்போது அது பழகிவிடும். பற்களுக்கு நடுவே பஞ்சு உருளை ஒன்றைக் கடிக்கக் கொடுத்தால், மேல்பல்லில் உலோகக் கேப் இருந்தாலும் அதன் நிழல் கீழே குறைவாக விழும்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்டீர்கள். ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. அளவோடு பார்க்க வேண்டும். கதிர்வீச்சை மைக்ரோசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். ஓபிஜிக்கு ஏறத்தாழ 10 முதல் 25 மைக்ரோசீவர்ட். சின்ன வட்டத்தில் எடுக்கும் சிபிசிடிக்குப் பெரும்பாலும் 20 முதல் 100 வரை. முழு முகத்தையும் பெரிய வட்டத்தில், மிக நுணுக்கமான அமைப்பில் எடுத்தால் பல நூறு வரை போகலாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் மனிதனுக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட்டாவது எப்படியும் வந்துகொண்டிருக்கிறது. இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் அது இன்னும் அதிகம். அப்படியானால் சின்ன வட்டத்து ஸ்கேன் என்பது சில நாள் முதல் இரண்டு வாரம் வரையிலான இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். 61 வயதில், ஒரு தடவை, காரணத்தோடு எடுப்பதற்கு நான் தயங்க மாட்டேன். என் அம்மாவாக இருந்தாலும் இதையே சொல்வேன். ஆனால் இரண்டு பல்லுக்காக முழு மண்டையையும் எடுப்பதற்குத் தயங்குவேன். கீழ்த்தாடை வலப்பக்கம் மட்டும் போதும் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரே கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும், மையத்தில் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

எங்கே நிபுணர்களே ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாய், முக ரேடியாலஜிக்கான அமெரிக்க அகாடமி 2012-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் பார்வைக்கு ஓபிஜி போதும், ஆனால் இம்ப்ளாண்ட் வைக்கப்போகும் எந்த இடத்துக்கும் குறுக்கு வெட்டுப் படம் எடுப்பது நல்லது, அதற்கு சிபிசிடி ஏற்றது என்றது. ஐரோப்பிய இம்ப்ளாண்ட் சங்கத்தின் அதே ஆண்டு வழிகாட்டி அவ்வளவு தூரம் போகவில்லை. வாயைச் சோதித்ததிலும் சாதாரண எக்ஸ்ரேயிலும் எலும்பு தாராளமாகத் தெரிந்தால் கூடுதல் படம் கட்டாயமில்லை என்றது. ஆகவே உங்கள் டாக்டர்கள் இருவரும் இரண்டு சிந்தனைப் பள்ளிகளைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம், ஒருவர் ஏமாற்றுகிறார் என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பல் எடுத்த இடம் அகலமாக இருந்து, பல் போய் மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தால், நரம்பு வெகு கீழே இருந்தால், இரண்டாவது டாக்டரின் வழியை நானும் மறுக்க மாட்டேன். நான்கு வருடம் என்பதுதான் என்னைச் சாய்க்கிறது.

ஸ்கேனால் சொல்ல முடியாதவை சில இருக்கின்றன. எலும்பு எவ்வளவு கெட்டி என்று ரிப்போர்ட்டில் எண் போட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி சிடியில் அந்த எண்ணுக்கு நிலையான அர்த்தம் உண்டு. சிபிசிடியில் அதே எலும்பு கருவி மாறினால் வேறு எண் காட்டும், தாடைக்குள் இடம் மாறினாலே வேறு எண் காட்டும். நான் எண் எழுதுவதில்லை. வலை போன்ற உள்ளெலும்பு நெருக்கமாக இருக்கிறதா, இடைவெளி விட்டு இருக்கிறதா என்று மட்டும் எழுதுவேன். எலும்பு மெலிந்த அம்மாக்களுக்கு நரம்புக் குழாயின் சுவரே சில இடங்களில் தெரியாது. அப்போது முன்னும் பின்னும் தெரியும் இடங்களை வைத்து நடுவில் ஊகித்துத்தான் கோடு போடுகிறோம். திரையில் ஆரஞ்சு நிறத்தில் அழகாக ஓடும் அந்தக் கோடு ஒரு மனிதர் மவுசால் போட்டது, ஸ்கேன் தானாகக் கண்டுபிடித்துத் தரவில்லை. நல்ல ரிப்போர்ட்டில் "இந்த இடத்தில் குழாய் தெளிவில்லை" என்ற வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்தால் பயப்படாதீர்கள், எழுதியவர் உண்மையாகப் பார்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இம்ப்ளாண்ட் வைத்த பிறகு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் 3டி ஸ்கேன் பெரிதாக உதவாது. உலோகத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழும், மெல்லிய எலும்பு இருந்தும் இல்லாதது போலத் தெரியும். வலியோ மரத்துப்போதலோ இல்லாதவரை அதற்குச் சின்ன எக்ஸ்ரேயே போதும்.

ஸ்கேன் எடுத்த பிறகு, ஃபிலிமில் அச்சடித்துத் தரும் கட்டம் கட்டமான படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். டைகாம் ஃபைலை, அதாவது ஸ்கேனின் முழு மூலப் பதிவை, பென்டிரைவிலோ டிஸ்க்கிலோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது யாரோ ஒருவர் வெட்டிய வெட்டு, ஃபைல் இருந்தால் டாக்டர் தானே திருப்பித் திருப்பி வெட்டிப் பார்க்கலாம். இரண்டாவது டாக்டரிடம் போனாலும் அதே ஃபைலைக் காட்டலாம், மறுபடி எடுக்க வேண்டியதில்லை, பணமும் கதிர்வீச்சும் மிச்சம். டாக்டரிடம் ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நரம்பு எங்கே, அகலம் எத்தனை, எவ்வளவு நீளத் திருகு, ஏன் அந்த நீளம் என்று கேளுங்கள். விரலால் தொட்டுக் காட்டி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறவரிடம் அம்மாவை விடலாம். படம் முழுவதையும் படித்த ரிப்போர்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு தறிக்காரருக்கு இம்ப்ளாண்ட் இடம் அருமையாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த பல்லின் வேர் நுனியில், அவருக்கு வலியே இல்லாமல், பட்டாணி அளவுக்கு எலும்பு அரித்திருந்தது. முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் திருகை வைத்தார்கள்.

ஸ்கேனை வைத்து 3டி பிரிண்டரில் வழிகாட்டித் தகடு செய்து, அதன் துளை வழியாகவே ட்ரில் போடலாம் என்று டாக்டர் சொல்லலாம். நல்ல முறைதான். ஆனால் திட்டமிட்ட இடத்திலேயே அச்சு அசலாக இறங்கும் என்று நினைக்க வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ன் ஒரு கணக்கில், சராசரியாக நுழையும் இடத்தில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 பாகை வித்தியாசம் இருந்தது. தகடு இருந்தாலும் அந்த 2 மி.மீ. இடைவெளியைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். கடைவாய்ப் பகுதியில் தகடும் நீளமான ட்ரில்லும் சேர்ந்து நுழைய வாய் நன்றாகத் திறக்க வேண்டும், அம்மாவுக்கு அது முடியுமா என்று முன்பே பார்த்துக்கொள்வார்கள். தகடு இல்லாமல், ஸ்கேனை நன்றாகப் படித்துவிட்டுக் கையாலேயே வைக்கும் டாக்டரிடமும் குறை காண ஒன்றுமில்லை. ஸ்கேனில் அகலம் போதாது என்று வந்தால், எலும்புத் தூள் வைத்துக் கட்டலாம், நீளம் குறைந்த திருகு வைக்கலாம், அல்லது கழற்றி மாட்டும் பல்லோடு இருந்துவிடலாம். கடைசி வழியையும் ஒரு வழியாகவே டாக்டர் சொல்ல வேண்டும். தட்டுவடை செட்டைக் கடித்துச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை என்றால் இம்ப்ளாண்ட்தான், மென்மையாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டவர் என்றால் அவசரமில்லை.

மலையில் இருப்பவர் என்பதால் ஒரு விஷயம். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அம்மா இறங்கி ஏற வேண்டும். அளவெடுப்பது, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். ஆனால் திருகு வைக்கும் நாளில் அன்றே மலையேற வேண்டாம். இரவு சேலத்தில் தங்குங்கள். நாக்குக்கு அடியில் வீக்கமோ நிற்காத கசிவோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மரத்துப்போகும் ஊசி தெளிந்த பிறகும் உதடு மரத்தே இருந்தால் காலை வரை பொறுக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். திருகு நரம்பை அழுத்தியிருந்தால், அதைச் சீக்கிரம் எடுத்துவிடும்போதுதான் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு அதிகம்.

இப்போது அந்தக் கடைசி வரி. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றால் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி எவ்வளவு என்று பாருங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் பலரும் தயங்குவதில்லை, 9, 10 என்றால் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். நடுவில் உள்ளதற்கு ஒரே பதில் கிடையாது, டாக்டருக்கு டாக்டர் மாறும்.

வார மாத்திரைதான் எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் எலும்புத் தேய்மானம் என்று முழங்கால் மூட்டு தேய்வதையும் சொல்கிறோம், எலும்பு மெலிவதையும் சொல்கிறோம். வாரம் ஒன்று என்பது 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையாக இருக்கலாம். அப்படியானால் இம்ப்ளாண்டுக்கு அதனால் தடையில்லை. ஆனால் அலெண்ட்ரோனேட் 70 மி.கி., ரைசெட்ரோனேட் 35 மி.கி. ஆகியவையும் வாரம் ஒன்றுதான். இவை எலும்புக்குள் வருடக்கணக்கில் தங்கும். இவற்றைச் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்கு, பல் எடுத்த இடத்திலோ எலும்பைத் துளைத்த இடத்திலோ தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை வரலாம். வாய்வழி மாத்திரையில் இந்த ஆபத்து மிகக் குறைவு, இதற்காக இம்ப்ளாண்டே கூடாது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பது கணக்கில் வரும், கூடவே ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, வருடத்துக்கு ஒரு டிரிப் என்று ஏதாவது போட்டிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்கேனில் இது எதுவும் தெரியாது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், இடுப்பெலும்பு முறிவைத் தடுக்கத்தான் அதைக் கொடுத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். இரண்டு பல் டாக்டர்களில் யாராவது ஒருவர் அம்மாவிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்களா?

இன்று அம்மாவிடம் போன் செய்து அந்த மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும், எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பதையும் இங்கே எழுதுங்கள். அதற்குப் பிறகு ஸ்கேன் தேதியை வாங்கிக்கொள்ளலாம்.